தம்பியின் வழக்கும் நான்கு தேதிகளும்

என் தம்பி கலிஃபோர்னியாவில் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மேலே எழுத முடியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் வேண்டாம் அக்கா, மத்ததெல்லாம் எழுது" என்றான். இதே நிலையில் இருக்கும் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். மூன்று வீட்டிலும் ஒரே தவறைத்தான் செய்தோம். "புரொபேஷன் எத்தனை வருஷம்?" என்று கேட்டு (சிறைக்குப் பதிலாக, நீதிமன்றத்தின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு வெளியே இருக்கும் காலம்தான் புரொபேஷன்), கிடைத்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, வேறு எதையும் கேட்காமல் இருந்துவிட்டோம்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2019 கடைசியில், அவன் குடியிருந்த அபார்ட்மென்டின் துணி துவைக்கும் அறையில், அதே கட்டிடத்தில் இருந்த ஒரு பெண்ணை அவர் விருப்பமில்லாமல் தொடக் கூடாத இடத்தில் தொட்டான். குடித்திருந்தான். முதல் சில மாதங்கள் நானே "குடிச்சிருந்தான்" என்று எல்லாரிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 243.4ஆம் பிரிவில் இதற்கு இரண்டு தரம் உண்டு, பெருங்குற்றமும் சிறுகுற்றமும். பெருங்குற்றத்தை ஃபெலனி என்பார்கள், சிறுகுற்றத்தை மிஸ்டிமீனர் என்பார்கள். தம்பி மேல் வந்தது மிஸ்டிமீனர். அதிகபட்சம் ஆறு மாதம் கவுண்டி சிறை (நம் ஊர் மாவட்டச் சிறை போல), 2,000 டாலர் அபராதம். "சிறு" என்ற சொல்லைக் கேட்டதும் திருச்சியில் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கும்தான். அந்தச் சொல் எங்களை எவ்வளவு ஏமாற்றியது என்பது பிறகுதான் தெரிந்தது.

2020 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தீர்ப்பு சொல்லும் நாளில் பாதிக்கப்பட்டவர் நீதிபதியிடம் பேசலாம். 2008இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த மார்ஸி சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அந்தப் பெண் வரவில்லை. அவர் எழுதிக்கொடுத்ததை அரசு வழக்கறிஞர் வாசித்தார். ஒரு பக்கம்கூட இருக்காது. "இப்போதும் துணி துவைக்கப் போகும்போது என் அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன், அவருக்கு முழங்கால் வலி" என்று அதில் ஒரு வரி. தம்பி தலையைக் குனிந்தவன் நிமிரவே இல்லை. நான் பின் வரிசையில் உட்கார்ந்து அந்த அம்மாவின் முழங்காலையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம் கேட்டால் அது நினைவுக்கு வருகிறது.

நீதிபதி சொன்னது: மூன்று வருடம் புரொபேஷன், அதுவும் அதிகாரியின் கண்காணிப்பில் இருக்கும் முறையான புரொபேஷன். பல மிஸ்டிமீனர் வழக்குகளில் அதிகாரி இல்லாமல் நீதிமன்றமே மேற்பார்க்கும் எளிய வகை கொடுப்பார்கள். இவனுக்கு அது கிடைக்கவில்லை. அத்துடன் சிகிச்சை வகுப்பு, அந்தப் பெண்ணின் கவுன்சிலிங் செலவுக்கு இழப்பீடு, அவரை நெருங்கக் கூடாது என்ற தடை உத்தரவு, 290ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் பாலியல் குற்றவாளியாகப் பதிவு. அன்றைய சட்டப்படி அந்தப் பதிவு ஆயுள் முழுக்க. கட்டிடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் "மூணு வருஷம்மா" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

அதே வருடம் செப்டம்பர் 30 அன்று ஆளுநர் நியூசம் ஏபி 1950 என்ற மசோதாவில் கையெழுத்திட்டார். 2021 ஜனவரி 1 முதல், மிஸ்டிமீனர் குற்றங்களுக்குப் புரொபேஷன் ஒரு வருடத்துக்கு மேல் போடக் கூடாது. ஃபெலனிக்குப் பொதுவாக இரண்டு வருடம். அதுவரை மிஸ்டிமீனருக்கு மூன்று வருடம் வரை போடலாம். நீண்ட கண்காணிப்பில் ஆட்கள் சின்னச் சின்ன விதிமீறலுக்காகத் திரும்பத் திரும்ப உள்ளே போகிறார்கள், அதனால் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை என்பது சட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் வாதம். எந்தக் குற்றத்துக்குச் சட்டத்திலேயே தனியாகப் புரொபேஷன் காலம் எழுதியிருக்கிறதோ, அதற்கு இந்த வரம்பு கிடையாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் மூன்று முதல் ஐந்து வருடம். குடும்ப வன்முறைக்குக் குறைந்தது 36 மாதம். 243.4இல் அப்படித் தனிக் காலம் எதுவும் எழுதியில்லை. ஆகவே தம்பிக்கு ஒரு வருடம்.

இந்த இடத்தில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு அதனால் லாபம்தான். ஆனாலும், குடித்துவிட்டு கார் ஓட்டியவனை மூன்று வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு பெண்ணைத் தொட்டவனை ஒரு வருடம் பார்த்தால் போதும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மிஸ்டிமீனர் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் வெட்டியதில் இவையும் சேர்ந்து வெட்டுப்பட்டன என்றே நினைக்கிறேன்.

அப்போது எங்களுக்கு இருந்த சந்தேகம் வேறு. சட்டம் வரும் முன்பே தண்டனை பெற்றவனுக்கு இது பொருந்துமா? பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தன. 2023இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும், இறுதியாகாத வழக்குகளில் புதிய வரம்பு பின்னோக்கியும் பொருந்தும் என்று சொன்னது. எங்கள் காலத்தில் அந்தத் தெளிவு கிடையாது. யாரும் கடிதம் அனுப்பி "உங்கள் காலம் குறைந்துவிட்டது" என்று சொல்லவில்லை. வழக்கறிஞர் மனு போட்டார், 2021 மார்ச்சில் விசாரணைக்கு வந்தது. பிப்ரவரியில் வருடம் முடிந்துவிட்டது என்று தம்பி அதிகாரியைப் பார்க்கப் போவதை நிறுத்தப் பார்த்தான். வழக்கறிஞர் அவனைக் கண்டித்தார். "நீதிபதி கையெழுத்துப் போட்ட தாள் உங்கள் கைக்கு வரும் வரை நீங்கள் புரொபேஷனில் இருப்பதாகவே நடந்துகொள்ளுங்கள்." நடுவில் வாரண்ட் வந்து புரொபேஷனை ரத்து செய்தால் காலம் ஓடாமல் அப்படியே நின்றுவிடும் என்றும் சொன்னார். இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். நாள்காட்டியைப் பார்த்து நீங்களாக முடித்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச்சில் நீதிபதி புரொபேஷனை முடித்து வைத்தார். விசாரணை வீடியோவில். பத்து நிமிடம் இருக்கும். தம்பி லேப்டாப்பை மூடிவிட்டு, "அக்கா, முடிஞ்சுது" என்றான். நானும் அழுதேன்.

முடியவில்லை.

முதலில் வந்தது வகுப்புப் பிரச்சினை. பதிவு செய்ய வேண்டிய குற்றத்துக்காக முறையான புரொபேஷனில் இருப்பவர்கள், மாநிலச் சான்று பெற்ற சிகிச்சையாளர் நடத்தும் திட்டத்தில் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்று 1203.067ஆம் பிரிவு சொல்கிறது. புரொபேஷனே அதிகபட்சம் ஒரு வருடம். வகுப்பு குறைந்தபட்சம் ஒரு வருடம். இரண்டும் ஒரே நாளில் ஆரம்பித்தால்தான் கணக்கு ஒத்துப்போகும். யாருக்கு அப்படி ஆரம்பிக்கிறது? காத்திருப்போர் பட்டியல் இருக்கும், நேர்காணல் இருக்கும், ஸ்டாட்டிக்-99ஆர் என்ற அபாய மதிப்பீடு இருக்கும். எங்களுக்குக் கொரோனாவும் சேர்ந்துகொண்டது. தம்பி உள்ளே சேர்ந்தது ஜூன் மாதம். மார்ச்சில் புரொபேஷன் முடிந்தபோது அவன் ஒன்பது மாதம்தான் முடித்திருந்தான்.

வகுப்பு என்றால் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது கிடையாது. வாரம் ஒரு முறை எட்டுப் பேர் கொண்ட குழு. புரொபேஷன் அதிகாரியும் சிகிச்சையாளரும் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனையை நடத்துபவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். மனநல ஆலோசகரிடம் சொன்னது வெளியே போகாது என்ற உரிமையை இதற்காக விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாலிகிராஃபில் சொல்வது புதிய வழக்காகிவிடுமோ என்று தம்பி நடுங்கினான். அப்படிக் கட்டாயத்தில் சொன்ன பதிலை ஒருவருக்கு எதிராகக் குற்ற வழக்கில் பயன்படுத்த முடியாது என்று 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை வழக்கறிஞர் விளக்கினார். ஆனால் பதில் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்தால் அது புரொபேஷன் மீறல். இதை வகுப்பில் சேரும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே போன பிறகு பயந்து பாதி உண்மை சொல்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

புரொபேஷன் முடிந்ததும் வகுப்பை விடலாமா என்று கேட்டான். நீதிமன்றத்தின் பிடி இல்லை, வாரம் 60 டாலர் வேறு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நீ எதுக்குடா அந்த வகுப்புக்குப் போன?" பதில் சொல்லாமல் எழுந்து போனான். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே வகுப்புச் சத்தம் கேட்டது. செப்டம்பர் வரை போனான். அந்தக் கடைசி ஆறு மாதத்தில்தான் அவன் மாறினான் என்று அருகில் இருந்து பார்த்தவள் நான் சொல்வேன். "நான் தப்பு பண்ணிட்டேன்" என்பதிலிருந்து "அவங்களுக்கு நான் என்ன பண்ணினேன்" என்பதற்கு அவன் வந்து சேர அவ்வளவு காலம் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ராத்திரி சமையலறைக்கு வந்து, "அக்கா, அவங்க ஃபேஸ்புக்ல இருக்காங்க. ஒரே ஒரு மெசேஜ், மன்னிப்பு மட்டும் கேட்டுடறேன்" என்றான். கையில் போன். தட்டச்சு செய்து வைத்திருந்தான், நல்ல மனதோடுதான் எழுதியிருந்தான். நான் மாவு பிசைந்த கையோடு போனைப் பிடுங்கினேன். திரையெல்லாம் மாவு. புரொபேஷன்தான் முடிந்தது, தடை உத்தரவு முடியவில்லை. புரொபேஷனின் நிபந்தனையாக வரும் "தொடர்பு கொள்ளாதே" என்பது அதோடு முடிந்துவிடும். ஆனால் 136.2ஆம் பிரிவின் கீழ் நீதிபதி தனித் தாளில் போடும் பாதுகாப்பு உத்தரவு அதிகபட்சம் பத்து வருடம் வரை இருக்கலாம். தம்பிக்கு ஐந்து வருடம் போட்டிருந்தார். அந்த மெசேஜ் போயிருந்தால் அதுவே புதிய குற்றம். அதையும் விட, இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணின் போனில் இவன் பெயர் மின்னியிருக்கும். மன்னிப்புக் கேட்பதால் இவன் மனம் லேசாகும். அவருக்கு அன்றைக்குத் தூக்கம் போகும். வகுப்பில் அனுப்பாத கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். "அதுல எழுதுடா" என்றேன்.

பாதிக்கப்பட்ட பக்கத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் இந்த இடம் முக்கியம். குற்றவாளிக்கு ஒரு வருடம்தான் புரொபேஷன் என்று கேட்டுக் கலங்கிப்போகாதீர்கள். இந்தத் தனி உத்தரவைத் தீர்ப்பு நாளிலேயே கேட்டு வாங்குங்கள், அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அது புரொபேஷனோடு சாகாது. இழப்பீடும் அப்படித்தான். புரொபேஷன் முடிந்தாலும் பாக்கித் தொகையை சிவில் தீர்ப்புப் போல வசூலிக்கலாம். தம்பி கடைசித் தவணையை 2022இல்தான் கட்டினான்.

இனிப் பதிவு. ஏபி 1950 நடைமுறைக்கு வந்த அதே 2021 ஜனவரி 1இல் இன்னொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது, 2017இல் நிறைவேறிய எஸ்பி 384. ஆயுள் முழுக்க என்று இருந்த பதிவை மூன்று நிலைகளாகப் பிரித்தது. முதல் நிலைக்குக் குறைந்தது 10 வருடம், இரண்டாம் நிலைக்கு 20 வருடம், மூன்றாம் நிலைக்கு ஆயுள். 243.4 மிஸ்டிமீனர் முதல் நிலை. இரண்டு சட்டமும் ஒரே நாளில் வந்ததால் எங்கள் வீட்டில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டோம். அம்மா, "ஒரு வருஷமா, பத்து வருஷமா, ஏதாவது ஒண்ணு சொல்லுடி" என்பாள். இரண்டும்தான். அதிகாரியிடம் கையெழுத்துப் போட ஒரு வருடம், காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடப் பத்து வருடம்.

பத்து வருடம் ஆனதும் அது தானாக விழுந்துவிடாது. அதற்குப் பிறகு வரும் பிறந்தநாளில் இருந்து நீதிமன்றத்தில் மனு போட்டு, நீதிபதி ஒப்புக்கொண்ட பிறகுதான் பெயர் நீங்கும். நடுவில் பதிவைத் தவறவிட்டால் அது தனிக் குற்றம், பழைய குற்றம் மிஸ்டிமீனர் என்றால் கவுண்டி சிறையில் ஒரு வருடம் வரை. அப்படி ஒவ்வொரு மிஸ்டிமீனர் தண்டனைக்கும் அந்தப் பத்தோடு ஒரு வருடம் கூடும்.

அந்த விளிம்புக்கு நாங்கள் போய்விட்டு வந்தோம். ஒவ்வொரு வருடமும் பிறந்தநாளை ஒட்டிய ஐந்து வேலை நாளுக்குள் நேரில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். முதல் பிறந்தநாள் 2020 அக்டோபரில். பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்துப் போனான். முன்கூடம் பூட்டியிருந்தது. கொரோனா, முன்பதிவு மட்டும் என்று கண்ணாடியில் ஒரு தாள். போன் செய்தால் அடுத்த வாரம்தான் நேரம் என்றார்கள். அது ஐந்து நாளைத் தாண்டிவிடும். அந்த மத்தியானம் நாங்கள் பட்டது ஆயுசுக்கும் மறக்காது. பூட்டிய கதவை, அந்தத் தாளை, நேரம் தெரியும்படி படம் எடுத்தோம். யாரோடு எத்தனை மணிக்குப் பேசினோம் என்று எழுதினோம். வழக்கறிஞர் அன்றே மின்னஞ்சல் அனுப்பினார். நான்காவது நாளில் ஒரு எழுத்தர் அம்மா இரக்கப்பட்டு நேரம் கொடுத்தார். இப்போதெல்லாம் செப்டம்பர் முதல் வாரத்திலேயே போன் செய்து நேரம் வாங்கிவிடுகிறோம். வீடு மாறினாலும் அதே ஐந்து வேலை நாள் கணக்குதான். லாரிக்குச் சொல்லும் முன் காவல் நிலையத்துக்குச் சொல்லி நேரம் வாங்குங்கள்.

தண்டனையைத் தள்ளுபடி செய்யும் 1203.4 மனுவும் போட்டோம், கிடைத்தது. பதிவுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அது தானாக நடக்காது, கேட்டால்தான். கிடைத்த பிறகும் பதிவு தொடரும். இதையும் அம்மா "கேஸே இல்லைன்னு ஆயிடுச்சு" என்று எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குப் போவதிலும் ஒரு விஷயம். 2023இல் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். வெளிநாட்டுப் பயணத்தைக் குறைந்தது 21 நாள் முன்னதாகப் பதிவு செய்யும் இடத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. தம்பி கிரீன் கார்டில் இருப்பவன். 243.4 மிஸ்டிமீனர், குடியேற்றச் சட்டத்தில் நாட்டுக்குள் திரும்ப விட மறுக்கக் காரணமாகக்கூடிய ஒழுக்கக்கேடான குற்ற வகையைச் சேரும் என்று ஒன்பதாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. எனவே டிக்கெட் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்தோம். ஒரே ஒரு குற்றம், அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம் என்பதால் இவனுக்கு விதிவிலக்கு உண்டு என்றார். முத்திரையிட்ட நீதிமன்ற நகல்களைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எச்1பி விசாவில் இருப்பவர்களின் கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே அந்த வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். தண்டனைக்குப் பிறகு அவரால் அதிகம் செய்ய முடியாது.

அறுபதாம் கல்யாணத்தில்தான் அது நடந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து, அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கையில் ஒரு ஜாதகம். "நல்ல இடம்டி. பொண்ணு எம்எஸ்சி. அவனுக்குத்தான் ஒரு வருஷம் எப்பவோ முடிஞ்சுபோச்சே. இப்ப எதுக்கு அவங்ககிட்ட அதெல்லாம்?"

எனக்குக் கோபம் வந்தது. அம்மா மேல் கூட இல்லை. மூன்று வருடமாக அவளிடம் பாதியை மட்டும் சொல்லிவந்த என் மேல். அந்தத் தூணின் கீழேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புரொபேஷன் முடிந்த தேதி, வகுப்பு முடிந்த தேதி, தடை உத்தரவு 2025 வரை, பதிவு குறைந்தது 2030 வரை. வருடா வருடம் அவன் எங்கே போய்க் கைரேகை வைக்கிறான் என்பதையும் சொன்னேன். துணி துவைக்கும் அறையையும், அந்தப் பெண்ணின் அம்மாவையும் முதல் முறையாக அன்றுதான் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டாள்.

ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கு மறு வருடம் வேறொரு குடும்பம் விசாரித்தபோது, தம்பியே அந்த வீட்டுப் பெண்ணிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னான். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சொன்னதில் அவனுக்கு வருத்தம் இல்லை.

என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நான்கு வரி, நான்கு தேதி. மூன்றை அடித்தாயிற்று. போன அக்டோபரில் தம்பி காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்து, புதுப்பித்த தாளின் நகலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். வழக்கமாக எனக்கு மட்டும்தான் அனுப்புவான். இந்த முறை அம்மாவுக்கும் அனுப்பியிருந்தான். அம்மா எழுதிய பதில்: "சரிப்பா. சாப்பிட்டியா?"